பலாவா, ஈரப்பலாவா: மருமகனுக்கும் மாமிக்கும் நடுவில் நான்

முற்றத்து மண்: வாசகர் கேள்வி, ரீச்சர் பதில்

இரண்டு இதழுக்கு முன் வேப்பமரத்தைப் பற்றி எழுதும்போது, "கொழும்பில் ஈரப்பலா நட்டவர் வீட்டில் கறிக்குப் பஞ்சமில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களில் பாதிகூட வேப்பமரத்துக்கு வரவில்லை. ஆகவே இம்முறை முழுக்க, ஆங்கிலத்தில் பிரெட்ஃபுரூட் என்கிற ஈரப்பலாவும் அதன் பெரியண்ணன் பலாவும்தான். வெற்றிலைக் கொடி வாடுகிறது என்று எழுதிய கொட்டாஞ்சேனை ஐயா ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வத்தளையில் எங்களுக்கு 12 பேர்ச் வளவு. வீடு போகப் பின்பக்கம் 25 அடிக்கு 40 அடி நிலம் மிச்சம். ஒரு மூலையில் கிணறு, எதிர் மூலையில் மலசலகூடக் குழி. ஒரு மரத்துக்குத்தான் இடம் உண்டு. எனக்குப் பலா வேண்டும். அப்பாவின் ஊர் சாவகச்சேரி. பலா இல்லாத வளவு வளவே இல்லை என்று கேட்டு வளர்ந்தவன். மாமிக்கு ஈரப்பலா வேண்டும். அவர் நீர்கொழும்புக்காரர். ஐப்பசி மழைக்குப் பின்வளவில் இரண்டு நாள் தண்ணீர் நிற்கும். மனைவி இரண்டு பக்கமும் பேசமாட்டேன் என்கிறார். ரீச்சர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.
— ஒரு மருமகன், வத்தளை

பதில்: தம்பி, மாமிதான் வென்றார். கோபிக்காமல் மிச்சத்தையும் வாசியுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்தது, தண்ணீர் நிற்கும் என்று எழுதிய வரியை. பலா வெயிலைத் தாங்கும், சரளை மண்ணைத் தாங்கும், ஆடு கடித்தாலும் திரும்பத் தளிர்க்கும். காலடியில் தேங்கிய தண்ணீரை மட்டும் தாங்காது. இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரு மரத்தைக் கொடுத்துப் படித்த பாடம்.

தெஹிவளையில் நாங்கள் வீடு வாங்கியபோதே பின்வளவில் பெரிய பலா ஒன்று நின்றது. நல்ல வருக்கை. அடிமரத்தில் முழங்கால் உயரத்திலேயே காய்க்கும். என் பிள்ளைகள் காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படம் எடுத்திருக்கிறார்கள். 2014இல் பக்கத்து வளவை மண் போட்டு உயர்த்தி மாடிவீடு கட்டினார்கள். அவர்கள் நிலம் உயர, எங்கள் நிலம் பள்ளமாகிவிட்டது. அந்த ஐப்பசி மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் எட்டு நாள் நின்றது. கார்த்திகையில் ஒரு பக்கத்துக் கொப்புகளில் மட்டும் இலை மஞ்சளாகித் தொங்கியது. எனக்கு அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும். மரம் வாடுகிறதே என்று இரண்டு சாக்கு மாட்டெருவும் போட்டு, மழை ஓய்ந்த நாட்களில் தண்ணீரும் ஊற்றினேன்! மூச்சு முட்டிக் கிடப்பவனுக்குச் சோறு ஊட்டிய கதைதான். ஒரு வேரைத் தோண்டிப் பார்த்தபோது புளித்த வாடை வந்தது. தோல் கையோடு கழன்று வந்தது. தைப்பொங்கலுக்குப் பானை வைத்தபோது மரத்தில் ஒரு பச்சை இலை இல்லை.

பட்டுப்போன மரம்தானே, தறித்துவிடலாம் என்று நினைத்தேன். இலங்கையில் பலா அப்படிச் சும்மா தறிக்கிற மரம் அல்ல. 1951ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் தறிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். கிராம சேவகர் வந்து பார்த்து, பிரதேச செயலகத்துக்கு இரண்டு தரம் அலைந்து, பிறகுதான் வாள்காரர் வந்தார். நீங்கள் எந்த மரத்தை நட்டாலும் இதை நினைவில் வைத்திருங்கள். நடுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம்; வெட்டுவதற்குக் கேட்க வேண்டும்.

அடிமரத்தை அறுத்தபோது உள்ளே மஞ்சள் பூசியது போல வைரம். முன்னர் பிக்குகளின் காவித் துணிக்குச் சாயம் காய்ச்சியது இந்த மஞ்சளில்தான். கறையானுக்கு இலேசில் இடம் கொடாத மரம், காலம் போகப் போக மண்ணிறத்துக்குத் திரும்பும். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கக் கட்டைக்கும் பலாவைத் தேடிப் போவது சும்மா இல்லை. இந்தப் பதிலை எழுதுகிற மேசை அந்த மரம்தான். ஈரப்பலாவில் இப்படி ஒரு மேசை செய்ய முடியாது. அது பாரமற்ற, மெத்தென்ற மரம். பசிபிக் தீவுகளில் அதில் தோணி குடைவார்கள். நம் ஊரில் தச்சர்கள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மர விடயத்தில் பலாவுக்குப் பக்கத்தில் ஈரப்பலா நிற்க முடியாது. நீங்கள் கேட்பது பேரனுக்குக் கதவு செய்யவா, மாமிக்குக் கறி வைக்கவா என்பதுதான் கேள்வி.

சரி, மாமியின் மரத்துக்கு வருவோம். ஈரப்பலாவும் தண்ணீரில் நீந்துகிற மரம் அல்ல. ஆனால் ஓரிரு நாள் நின்று வடிகிற தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும். அப்படியும் நான் அதைத் தட்டை நிலத்தில் நடச் சொல்லமாட்டேன். ஒன்றரை அடி உயரத்துக்கு, ஆறடி அகலமாக மண் மேடை கட்டி, நல்ல மேல்மண்ணும் உக்கிய மாட்டெருவும் கலந்து, மேடையின் நடுவில் நடுங்கள். மேடையைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, தெருக் கானுக்கு வழி விடுங்கள். சித்திரை கழிந்து வைகாசி மழை தொடங்கும்போது நட்டால் முதல் சில மாதம் தண்ணீர் ஊற்றுகிற வேலை மிச்சம். ஐப்பசியில் நட வேண்டாம். உங்கள் வளவுக்கு அது சரிவராது.

எங்கே நடுவது? 25க்கு 40 அடியில் நடுப்பகுதிதான் இடம், வேறு தெரிவில்லை. பலாவின் ஆணிவேர் நேரே கீழே இறங்கப் பார்க்கும். ஈரப்பலாவின் வேர் மண்ணுக்கு மேலாகப் பாய் விரித்தது போலப் படரும். கிணற்றுக்கும் குழிக்கும் 15 அடியாவது விடுங்கள். மதிலோரம் சீமெந்து நடைபாதை இருந்தால் பத்து வருடத்தில் அது எழும்பி நிற்கும், என் வீட்டில் இப்போதே ஒரு பாளம் எழும்பிவிட்டது. அதேபோல மரத்தடியை மண்வெட்டியால் கொத்தவே கொத்தாதீர்கள். காயப்பட்ட ஒவ்வொரு வேரிலிருந்தும் ஒரு கன்று முளைக்கும். தெருவுக்கே பங்கு வைக்க வேண்டி வரும்.

கன்று எடுப்பதும் அந்தக் குணத்தை வைத்துத்தான். நம் ஊர் ஈரப்பலாவில் கொட்டை இல்லை. எனக்குக் கன்று தந்தவர் இரத்மலானையில் ஒரு பழைய சிநேகிதி. அவர் வீட்டு மரத்தில் பெருவிரல் தடிப்புள்ள மேல்வேர் ஒன்றைத் தேடி, மண்ணை விலக்கி, கத்தியால் இரண்டு இடத்தில் தோல் சீவி, திரும்ப மண்ணும் சருகும் போட்டு மூடினோம். இரண்டு மாதம் கழிந்து போனால், சீவிய இடத்திலிருந்து செக்கச்செவேல் என்று ஒரு குருத்து. அது ஒன்றரை அடி வளர்ந்து தனக்கென்று வேர் விட்ட பிறகுதான் தாய்வேரை வெட்டி, உரப்பையில் வைத்து, மாமர நிழலில் ஆறு கிழமை வைத்தோம். அவசரப்பட்டுப் பிடுங்கினால் வாடிவிடும். முதல் கன்றை அப்படித்தான் கொன்றேன். இவ்வளவு மினக்கெட முடியாது என்றால் பத்தரமுல்லை தியத்த உயனப் பக்கம் கன்றுக் கடைகளில் கேளுங்கள். உயரம் பார்த்து வாங்காமல், பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே வராத கன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

2016இல் நட்டேன். 2020இல், ஊரடங்கு போட்டுக் கடையெல்லாம் பூட்டிக் கிடந்த நேரத்தில் முதல் காய்ப்பு. ஏழே ஏழு காய். எங்கள் ஒழுங்கையில் எங்களைத் தவிர ஆறு வீடு. கணக்குச் சரியாக வந்தது. கொட்டையில் வளர்ந்த பலா என்றால் அந்நேரம் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். அதற்கு ஆறு, ஏழு, சில வேளை எட்டு வருடமும் ஆகும். ஒட்டுக்கன்று என்றால் மூன்று, நாலு.

மாமிக்கும் ஒரு எச்சரிக்கை. இலை. பலா இலை உள்ளங்கை அளவு. விழுந்தால் கூட்டி அள்ளிவிடலாம், ஆட்டுக்காரன் வந்து கேட்டு வாங்கிப் போவான். ஈரப்பலா இலை விரித்த விசிறி மாதிரி, ஒன்றரை அடி நீளம். காய்ந்து தகரக் கூரையில் விழுந்தால் இரவில் யாரோ கல் எறிந்த சத்தம். இரண்டே இரண்டு இலை போதும், கூரைப் பீலி அடைத்துக்கொள்ள. மாதம் ஒருமுறை ஏணி வைத்துப் பீலி துப்புரவாக்குவது யார் என்பதை நடுவதற்கு முன் பேசித் தீர்த்துவிடுங்கள். என் ஊகம், அது மருமகன்தான். காய்ப்பு முடிந்ததும் உச்சிக் கொப்பை வெட்டி 15, 20 அடிக்குள் மரத்தை வைத்திருந்தால் ஏணி வேலை பாதி குறையும். காய் கொக்கத்தடிக்கு எட்டும். ஈரப்பலா காய்ப்பது கொப்பு நுனியில். உயர விட்டால் காய் வௌவாலுக்குத்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கொழும்பில் பலா வாங்குவது சுலபம். சந்தைக்குப் போனால் பிஞ்சுப் பலாக்காய், சிங்களத்தில் பொலொஸ் என்பது, கொத்தி நறுக்கிப் பையில் போட்டுத் தருகிறார்கள். முற்றிய காயைச் சுளை வேறு, கொட்டை வேறாக்கி வைத்திருக்கிறார்கள். கையில் பால் ஒட்டாமல் வீட்டுக்கு வருகிறது. ஈரப்பலாக்காய் அப்படிக் காத்திருக்காது. பிடுங்கி இரண்டாம் மூன்றாம் நாளில் பழுத்துக் குழைந்துவிடும். கடையில் கிடப்பதில் பாதி விழுந்து அடிபட்ட காய். நல்ல ஈரப்பலாக்காய் சாப்பிட ஒரே வழி, மரம் உங்கள் வளவில் நிற்பது.

அப்பாவின் சாவகச்சேரியை நான் மறக்கவில்லை தம்பி. நானும் தென்மராட்சிதான். எங்கள் வாயில் அது பலா அல்ல, பிலா. ஒடியற் கூழுக்குப் பலாக்கொட்டை போட்டு, பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்தி அதில் குடித்தவர்களுக்கு, பீங்கானில் ஊற்றித் தந்தால் அது வெறும் சூப். அந்த இலைக்காகவாவது முன்பக்கம் ஒரு மூலை மேடாக இருந்தால் ஒரு ஒட்டுப்பலாவை வைத்து, வருடா வருடம் வெட்டி, பத்தடிக்குள் வளருங்கள். காயை எதிர்பார்க்க வேண்டாம். வந்தால் மாமிக்குக் காட்டுங்கள்.

கேள்வி: கடுவெலையில் மேட்டு நிலம், 20 பேர்ச், சரளை மண். தண்ணீர் ஒரு மணித்தியாலமும் நிற்காது. எனக்கும் அதே கேள்விதான்.
— கடுவெல வாசகி

பதில்: பலா. யோசிக்கவே வேண்டாம். சிங்களவர் இதைப் "பத் கஸ", சோற்று மரம் என்பார்கள். பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் என்பவர் 1915 கலவரக் காலத்தில் சிறை சென்று வந்த பிறகு, நாடு முழுக்கப் பத்து இலட்சம் பலா நட வேண்டும் என்று கிளம்பி, கடைசியில் "கொஸ் மாமா", அதாவது பலா மாமா, என்றே பெயர் எடுத்தார். அரிசி இல்லாத காலத்தில் ஊரைக் காப்பாற்றியது அப்படி நின்ற மரங்கள்தான். உங்கள் நிலம் அதற்கென்றே செய்தது போல இருக்கிறது. வருக்கை ஒட்டுக்கன்றாக வாங்குங்கள். கூழன் சுளை வாயில் வழுக்கிக்கொண்டு போகும். சிலருக்கு அதுதான் பிடிக்கும், எனக்கு இல்லை. வீட்டிலிருந்து 25 அடி தள்ளி நடுங்கள்.

கேள்வி: ஈரப்பலாக்காய் வெட்டினால் கத்தி, கை, குசினி எல்லாம் பால் பிசுபிசுப்பு. காய் முற்றியதா என்றும் தெரிவதில்லை. சில நேரம் தண்ணீர்ச் சுவை, சில நேரம் இனிப்பு.
— வெல்லம்பிட்டி அக்கா

பதில்: தண்ணீர்ச் சுவை என்றால் பிஞ்சில் பிடுங்கியது. இனிப்பு என்றால் பழுக்கத் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவில் நாலைந்து நாள்தான் இருக்கிறது. அதைப் பிடிக்கக் கண் பழக வேண்டும்.

பிஞ்சு கடும் பச்சை, தோலில் முள்முள்ளாகக் கைக்குத் தட்டுப்படும். முற்ற முற்ற அந்த முனைகள் அமர்ந்து, தோல் தட்டையாகி, பச்சை வெளுத்து மஞ்சள் ஓடும். அங்கங்கே பால் கசிந்து காய்ந்து மண்ணிறப் பொட்டு வைத்தது போல இருக்கும். அந்தப் பொட்டைக் கண்டால் அன்றைக்கே பிடுங்குங்கள். நிலத்தில் விழ விடாதீர்கள். கொக்கத்தடியால் காம்பை ஒருவர் திருக, கீழே இரண்டு பேர் சாக்கை விரித்துப் பிடிக்க வேண்டும். விழுந்த காய் வெளியே நன்றாக இருக்கும், மறுநாள் வெட்டினால் உள்ளே ஒரு பக்கம் மண்ணிறமாகக் குழைந்திருக்கும்.

பிடுங்கியதும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். காம்புப் பக்கம் கீழே இருக்கக் குசினிப் படியில் கவிழ்த்து வையுங்கள். வெள்ளைப் பால் சொட்டுச் சொட்டாக வடியும். அரை மணித்தியாலத்தில் நின்றுவிடும். பிறகு கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் பூசி, நாலாகப் பிளந்து, நடுத்தண்டைச் சீவி எறிந்து, தோலைக் கொஞ்சம் தடிப்பாகவே சீவி, துண்டுகளை உப்புத் தண்ணீரில் போடுங்கள். காற்றில் வைத்தால் கறுத்துவிடும். கத்தியில் ஒட்டிய பால் சவர்க்காரத்துக்குப் போகாது. எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

அன்று சமைக்க வசதியில்லையா? முழுக் காயை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி வையுங்கள். இரண்டு மூன்று நாள் பழுக்காமல் இருக்கும்.

கறிக்கு நான் மிளகாய்த்தூள் போடுவதில்லை. வெங்காயம், பச்சை மிளகாய், றம்பை, கறிவேப்பிலை, மஞ்சள், ஒரு சிட்டிகை வெந்தயம், இரண்டாம் பாலில் அவிந்து வர, தலைப்பால் விட்டு ஒரு கொதியில் இறக்குவது. கொஞ்சம் மாசிக் கருவாடு போட்டால் எங்கள் வீட்டில் சோறு மிஞ்சாது. ஆனால் உண்மையைச் சொன்னால், கறியை விட வெறுமனே உப்புப் போட்டு அவித்து, தேங்காய்ப்பூவும் கட்டைச்சம்பலும் வைத்துச் சாப்பிடுவதுதான் ஈரப்பலாவுக்கு மரியாதை. மழை பெய்கிற பின்னேரம், பிளேன் ரீயோடு. பலாக்காய் அவித்தும் அப்படிச் சாப்பிடலாம், அதுவும் நல்லதுதான். மா ருசி ஈரப்பலாவில்தான் கூட.

கேள்வி: எங்கள் பலாவில் விரல் அளவில் நூறு பிஞ்சு வருகிறது. பாதிக்கு மேல் கறுத்துப் பூஞ்சணம் பிடித்து விழுந்துவிடுகிறது. என்ன மருந்து அடிப்பது? யாரோ கண் வைத்துவிட்டதாக அம்மா பழைய செருப்புக் கட்டியிருக்கிறார்.
— ஜா-எல வாசகர்

பதில்: செருப்பை அவிழ்த்து எறியுங்கள், மருந்தும் வேண்டாம். விழுவது பிஞ்சு அல்ல, ஆண் பூ. பலாவில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில், வேறு வேறாக வரும். ஆண் பூ ஒல்லி, தோல் வழுவழுப்பு, காம்பும் மெல்லிசு. அதன் வேலை மகரந்தம் உதிர்ப்பது. உதிர்த்ததும் கறுத்து விழும். பெண் பூவின் காம்பு தடிப்பு, காம்பு முடியும் இடத்தில் மோதிரம் போட்டது போல ஒரு வளையம், தோல் சொரசொரப்பு. மோதிரம் போட்டதுதான் காயாகும். நாளைக்குக் காலையில் மரத்தடியில் விழுந்ததில் பத்தைப் பொறுக்கி அம்மாவிடம் காட்டுங்கள். ஒன்றிலாவது மோதிரம் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

ஒன்றே ஒன்று. கறுத்த பூக்கள் நல்ல பிஞ்சோடு ஒட்டிக் கிடந்தால் மழைக் காலத்தில் பூஞ்சணம் அதற்கும் தாவும். தடியால் தட்டி விழுத்திக் கூட்டிவிடுங்கள். ஒரே கொத்தில் நாலைந்து காய் நெருக்கியிருந்தால் இரண்டை விட்டு மிச்சத்தைப் பிஞ்சிலேயே கறிக்கு எடுங்கள். நிற்கிற இரண்டும் பெருக்கும்.

கேள்வி: ஊரிலிருந்து கொண்டு வந்த நல்ல வருக்கைப் பலாக்கொட்டையைக் கழுவி, ஒரு மாதம் நன்றாக வெயிலில் காய வைத்து நட்டேன். ஒன்றும் முளைக்கவில்லை.
— மட்டக்குளி வாசகர்

பதில்: நெல் விதையும் கத்தரி விதையும் காய வைத்துப் பழகிய கை அது. பலாக்கொட்டை காய்ந்தால் செத்துவிடும். பழம் சாப்பிட்ட கையோடு, வழுவழுப்புத் தோலைக் கழுவி, அந்தக் கிழமையே நட வேண்டும். நேரே நிலத்திலேயே நடுங்கள். பையில் அதிக நாள் வைத்தால் ஆணிவேர் சுருண்டுவிடும். இன்னொன்று, வருக்கைக் கொட்டை முளைத்தால் வருக்கையே வரும் என்று நிச்சயமில்லை. ஏழெட்டு வருடம் காத்திருந்து கூழன் வந்தால் என்னைத் திட்டக் கூடாது. அதே ருசி வேண்டுமென்றால் அந்த மரத்திலிருந்து ஒட்டுக்கட்ட வேண்டும். காய்ந்த கொட்டைகளை எறியவில்லையே? ஊறவைத்து அவித்துக் கறி வையுங்கள்.

கேள்வி: ஈரப்பலாக்காய் மரக்கறிதானே? சீனி வருத்தக்காரர் தாராளமாகச் சாப்பிடலாமா?
— வெள்ளவத்தை வாசகி, 68 வயது

பதில்: அம்மா, அதைக் கறியென்று நினைப்பதுதான் பிழை. 100 கிராம் ஈரப்பலாக்காயில் ஏறத்தாழ 27 கிராம் மாச்சத்து இருக்கிறது. 100 கிராம் சோற்றிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிட்டால் நல்லது. நார்ச்சத்துச் சோற்றை விடக் கூட. சோற்றுக்கு மேல் கறியாகப் போட்டுச் சாப்பிட்டால் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்ட கணக்கு. முற்றிய பலாக்காயும் பலாக்கொட்டையும் இதே வகைதான். பிஞ்சுப் பலாக்காயில் மா குறைவு, அது கறிக் கணக்கு. சிறுநீரக வருத்தமும் சேர்ந்து இருந்தால் வைத்தியரிடம் கேட்காமல் தொட வேண்டாம், ஈரப்பலாவில் பொற்றாசியம் அதிகம்.

கேள்வி: ஹற்றனில் லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. கொழும்பில் வேலை செய்கிறேன். இங்கிருந்து ஒரு ஈரப்பலாக் கன்று கொண்டுபோய் நடலாமா?
— புறக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி

பதில்: ரயிலில் சுமந்து போகிற பாரம்தான் மிச்சம். ஈரப்பலா கடற்கரைப் பக்கத்து மரம். சூடும் ஈரமும் வேண்டும். 2,000 அடிக்கு மேலே போகப் போக முகம் சுளிக்கும். ஹற்றன் 4,000 அடிக்கும் மேல். மார்கழிக் குளிரில் நின்றுவிடும். பலா அதை விடத் துணிச்சல். கினிகத்தேனைப் பக்கம் நன்றாகவே காய்க்கிறது. ஹற்றனில் மெதுவாகத்தான் வரும். அம்மாவுக்குப் பழ மரம்தான் வேண்டுமென்றால் வெண்ணெய்ப்பழம், அதாவது அவகாடோ, ஒன்று கொண்டு போங்கள்.

கேள்வி: ஈரப்பலாவுக்காக ஒரு கப்பலில் கலகம் நடந்ததாக எங்கள் வகுப்பில் சொன்னார்கள். உண்மையா ரீச்சர்?
— பம்பலப்பிட்டி மாணவி, ஆண்டு 9

பதில்: உண்மைதான் மகள். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்தவர்களுக்கு மலிவாகச் சோறு போட ஒரு மரம் தேடினார்கள் ஆங்கிலேயர். அதற்காக 1787இல் கப்டன் பிளை என்பவரை பவுண்டி என்ற கப்பலில் தஹிட்டித் தீவுக்கு அனுப்பினார்கள். ஆயிரத்துக்கு மேல் கன்று ஏற்றித் திரும்பும் வழியில், 1789 ஏப்ரல் 28இல், மாலுமிகள் கலகம் செய்து அவரைச் சின்னப் படகில் இறக்கிவிட்டுக் கன்றுகளையும் கடலில் கொட்டிவிட்டார்கள். கன்றுக்குத் தண்ணீர், ஆளுக்குக் கட்டுப்பாடு என்று இருந்ததும் ஒரு கோபம் என்பார்கள். மனிதர் விடவில்லை. இரண்டாம் தரம் போய் 1793இல் கன்றுகளைக் கொண்டு சேர்த்தார். வேடிக்கை என்னவென்றால், யாருக்காகக் கொண்டு வந்தார்களோ அவர்கள் நெடுங்காலம் அதைத் தொடவேயில்லை. யோசித்துப் பார், உன்னைக் கேட்காமல் உன் தட்டில் போட்டால் நீ சாப்பிடுவாயா? கொட்டையில்லாத மரம் என்பதால்தான் இவ்வளவு பாடு. கொட்டை இருந்திருந்தால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள்.

கேள்வி: ஏழாம் மாடி பிளட்டில் இருக்கிறேன். பெல்கனியில் பீப்பாய் வைத்து ஈரப்பலா வளர்க்கலாமா?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: வேண்டாம். கறிவேப்பிலை வையுங்கள். ஈரப்பலாக்காய்க்கு வத்தளை மருமகனோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து வருடத்தில் அவர் வீட்டில் காய் மிஞ்சும்.

(அடுத்த இதழில் வெற்றிலை.)